ஸ்டீரிங் பெட்டியைக் கடைசியில் தொடுங்கள்: ஒரு கொல்லிமலை ஜீப்பின் பழுதுநீக்கப் பதிவு

கொல்லிமலையில் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று இருக்கிறது. உயரமான முன்மூடி கொண்ட சி.ஜே. 3பி வகை. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1953 முதல் 1968 வரை தயாரித்த இந்த வடிவத்தை, உரிமம் பெற்ற மகிந்திரா இந்தியாவில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தயாரித்தது. மாமாவின் வண்டி பெட்ரோல் எஞ்சினோடு வந்து பிறகு டீசலுக்கு மாறியது. தோட்டத்துப் பாதையில் மூட்டை ஏற்றுவதும், காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவதும்தான் அதன் வேலை.

அப்படிப்பட்ட சாலையில் ஓடும் வண்டிக்கு ஸ்டீரிங்கும் பிரேக்கும் தவிர மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம். எஞ்சின் நின்றுபோனால் ஓரம் கட்டலாம். பிரேக் போனால் ஓரம் கட்டக்கூட வழியில்லை.

வண்டி என் கைக்கு வந்தபோது குறைகள் பல இருந்தன. பிரேக்கை அழுத்தினால் இடது பக்கம் இழுத்தது. ஸ்டீரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையத் தொடங்கியது. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் தலையாட்ட ஆரம்பித்து, வண்டியை நிறுத்தினால்தான் அடங்கின. பிரேக் பெடல் முதல் மிதியில் தரையைத் தொடும் அளவுக்குப் போய், இரண்டாம் மிதியில் மேலே நின்றது. நீண்ட இறக்கத்தின் முடிவில் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டு விடாமல் இழுத்தது. இவை போதாதென்று, ஸ்டீரிங் ஆட்டத்தைக் குறைக்கிறோம் என்று முன்பு ஒரு பட்டறையில், கையின் சுழற்சியைச் சக்கரப் பக்கம் அனுப்பும் ஸ்டீரிங் பெட்டியின் திருகை இறுக்கிவிட்டிருந்தார்கள். ஆட்டம் குறையவில்லை. வளைவில் திரும்பிய ஸ்டீரிங் தானாக நேருக்கு வராமல் போனதுதான் மிச்சம்.

பழைய ஜீப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். ஸ்டீரிங்கில் ஆட்டம் என்றால் உடனே பெட்டித் திருகு. பெடல் தாழ்ந்தால் உடனே, காலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர். சக்கரத்துக்குப் பக்கத்தில் தொடங்க வேண்டிய சோதனையை ஓட்டுநருக்குப் பக்கத்தில் தொடங்குகிறார்கள். பெட்டி மேலே, கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான் இதற்குக் காரணம். தேய்மானமோ கீழே, சேறும் நீரும் அடிக்கும் மூட்டுகளில் இருக்கிறது.

வேலைக்கு இறங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்த ஜீப்பின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைப் பிடிக்கும் தனி டிரம்மில் இருக்கிறது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுழலும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கைப்பிரேக் என்பதே கிடையாது. ஆகவே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொடக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வேண்டும்.

முதலில் ஸ்டீரிங். எஞ்சினை அணைத்து, நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றி நிற்க, மாமாவின் மகன் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆட்டிக்கொண்டிருந்தான். நான் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல்களை வைத்துப் பார்த்தேன். கண்ணை நம்புவதைவிட விரலை நம்புவது நல்லது. இரண்டு உலோகத் துண்டுகளின் சந்திப்பில் விரலை வைத்தால், ஒன்று நகர்ந்து மற்றொன்று தாமதமாகத் தொடர்வது உடனே தெரியும்.

இந்த வகை ஜீப்பில் விசை போகும் வழி நீளமானது. ஸ்டீரிங் பெட்டியிலிருந்து இறங்கும் கை ஒரு டிராக் லிங்கைத் தள்ளும். அந்த லிங்க், முன்பக்கம் நடுவில் செங்குத்துப் பின்னில் சுழலும் பெல் கிராங்கைத் திருப்பும். பெல் கிராங்கிலிருந்து இரண்டு டை ராடுகள் பிரிந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்கித் திரும்பும் நக்கிளின் கைக்கும் போகும். எண்ணிப் பார்த்தால் டிராக் லிங்கில் இரண்டு, டை ராடுகளில் நான்கு என ஆறு பந்து மூட்டுகள், நடுவில் ஒரு பின். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தாலே எல்லாம் சேர்ந்து கையில் பெரிய ஆட்டமாகிவிடும். பெட்டியை எவ்வளவு இறுக்கினாலும் இந்த ஆட்டம் குறையப் போவதில்லை.

பெட்டியில் ஆட்டம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் பெல் கிராங்க் திரும்புவதற்கு முன் தன் பின்னிலேயே சாய்ந்தது. மேல் விளிம்பில் கட்டைவிரலை வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் அது எழுந்து உட்கார்ந்தது. கழற்றியபோது உள்ளிருந்த ஊசி பேரிங்குகளின் இடத்தில் சிவந்த துருப் பொடிதான் கொட்டியது. கிரீஸ் போடும் முனை களிமண்ணால் அடைபட்டிருந்தது. பம்பால் அழுத்திய கிரீஸ் உள்ளே போகாமல் வெளியிலேயே வழிந்திருக்கிறது. போட்டவர் போட்டாயிற்று என்று நினைத்திருக்கிறார். பழைய கிரீஸ் மறு விளிம்பில் பிதுங்கி வந்தால்தான் கிரீஸ் உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

பின்னும் பேரிங்கும் புதிதாகப் போட்டேன். டிராக் லிங்க்கின் இரு முனைகளிலும் பந்தைப் பிடிக்கும் கிண்ணமும், அதற்குப் பின்னால் ஸ்பிரிங்கும், கடைசியில் ஒரு திருகு மூடியும் இருக்கும். ஸ்பிரிங் உடைந்திருந்தது, மாற்றினேன். மூடியை முழுக்க இறுக்கி, பிறகு அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுக்குள் தளர்த்தி, துளை நேராக வரும் இடத்தில் பூட்டுப் பின் போட வேண்டும். முழுக்க இறுக்கியபடி விட்டால் மூட்டு இறுகி, வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை ஏறி இறங்கும்போது ஸ்டீரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். பின் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எழுதவே தேவையில்லை.

அடுத்து முன்சக்கரங்களைத் தூக்கினேன். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து ஆட்டினால், மேலும் கீழுமாக ஆட்டம் தெரிந்தது. இது வீல் பேரிங் ஆட்டமா, நக்கிள் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் ஆட்டமா? பலர் வீல் பேரிங் என்று முடிவு செய்து அதை இறுக்கிவிடுவார்கள். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்துப் பிடித்திருக்க, மறுபடியும் சக்கரத்தை ஆட்ட வேண்டும். பிரேக் பிடித்தால், சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருக்கும் ஷூ அழுத்தி, இரண்டும் ஒன்றாகி, சக்கரம் நக்கிளோடு பூட்டப்பட்டுவிடும்; வீல் பேரிங் ஆட்டம் மறைந்துபோகும். அதன் பிறகும் ஆட்டம் இருந்தால் அது கிங் பின்னில்தான். எங்கள் வண்டியில் இடது சக்கர ஆட்டம் பிரேக் மிதித்த பின்னும் அப்படியே இருந்தது.

இந்த ஆக்சிலில் நக்கிள் ஒரு மூடிய பந்தின் மேல் சுழல்கிறது. மேலும் கீழும் கூம்பு வடிவ உருளை பேரிங்குகள். மூடிகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள்தான் அந்த பேரிங்குகளின் இறுக்கத்தை முடிவு செய்கின்றன. கீழ் மூடியைக் கழற்றி பேரிங் கிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அதன் வழவழப்பான சுவரில், உருளைகள் நின்ற இடங்களில், ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் கோடு கோடாகக் குழிகள். விரல் நகத்தால் வருடினால் ஒவ்வொன்றும் தடுக்கியது. ஆண்டுக் கணக்கில் நேராக ஓடும் நிலையில் வாங்கிய அடிகள் அவை. இப்படிக் குழிந்த கிண்ணத்தில், ஸ்டீரிங் நேர் நிலையில் ஒரு பள்ளத்தில் உட்காரும். கொஞ்சம் திருப்பினால் பள்ளத்திலிருந்து ஏறிக் குதிக்கும். ஷிம்மை எடுத்து இறுக்கினால் பள்ளம் இன்னும் மோசமாகத் தெரியும். மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

முன்சக்கரங்கள் தலையாட்டியதற்கும் பெரும்பங்கு இதுதான் காரணம். கிங் பின் பேரிங்குகளின் முன்னிறுக்கம், சக்கரம் சும்மா அலையாமல் பிடித்து வைக்கும் உராய்வாகவும் வேலை செய்கிறது. அது போய்விட்டால் ஒரு சின்னப் பள்ளம்கூடச் சக்கரங்களைத் துடிக்க விட்டுவிடும். புது பேரிங் போட்ட பிறகு, டை ராடையும் ஆக்சில் ஷாஃப்டையும் எண்ணெய் சீலையும் பூட்டுவதற்கு முன், நக்கிள் கையின் துளையில் ஒரு கொக்கித் தராசை மாட்டி இழுத்தேன். கை நகரத் தொடங்கும் கணத்தில் நான்கு முதல் ஆறு பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 1.8 முதல் 2.7 கிலோ காட்ட வேண்டும் என்பது வில்லிஸ் கையேட்டுக் கணக்கு. பழைய பேப்பர் வாங்குபவர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசே போதும். ஷிம்களை எடுக்கும்போது மேலும் கீழும் சம கனத்தில் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் நக்கிள் மையம் விலகி, உள்ளே ஓடும் ஆக்சில் மூட்டு உரசும்.

இவை எல்லாம் முடிந்த பிறகே ஸ்டீரிங் பெட்டிக்குப் போனேன். டிராக் லிங்கைக் கழற்றி, பெட்டியை மட்டும் தனியாக ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பார்த்தால் அதன் நிலை தெரிந்துவிடும். உள்ளே திருகுச் சுருள் போன்ற ஒரு கேம் உண்டு. அதன் பள்ளத்தில் ஒரு நெம்புகோலின் இரண்டு முளைகள் ஓடுகின்றன. நடுநிலையில் மட்டும் இறுக்கமாகவும் இரு கோடிகளில் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படியே இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பக்கவாட்டுத் திருகைச் சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில்தான் வைக்க வேண்டும்: நடுவைக் கடக்கும்போது மட்டும் கையில் மெல்லிய தடை, அங்கிருந்து விலகினால் சுதந்திரம். அதற்கும் முன்னால், கேமின் மேல்கீழ் ஆட்டத்தை மேல்மூடியின் ஷிம்களைக் கொண்டு சரிசெய்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் திருகை மட்டும் முறுக்கியிருந்ததால் நடுவில் கேம் முளைகளை நசுக்கிக்கொண்டிருந்தது. வளைவு முடிந்தும் ஸ்டீரிங் திரும்பி வராததன் காரணம் அதுதான். நல்லவேளையாக முளைகள் தப்பித்திருந்தன. கசிகிறது என்று உள்ளே கிரீஸ் திணித்திருந்தார்கள். கேம் ஒருமுறை ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் திரும்பி வராது. கழுவி, சீலை மாற்றி, கெட்டியான கியர் ஆயில் ஊற்றினேன். பெட்டி சேசிஸில் பொருந்தும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்ப்பதையும் விடக் கூடாது. பழைய வண்டிகளில் அந்த போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் ஓடியிருக்கும். பெயின்டும் சேறும் அதை மறைத்து வைத்திருக்கும்.

டோ-இன், அதாவது முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு, பார்ப்பதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் சுண்ணக்கட்டியால் பூசி, ஆணி முனையை அசையாமல் பிடித்து ஒரு மெல்லிய கோடு போட வேண்டும். இறக்கி, வண்டியை ஓர் ஆள் உயரம் முன்னுக்கு உருட்டி நிறுத்தி, இரண்டு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை முன்புறமும் பின்புறமும் ஒரே உயரத்தில் அளந்தால் போதும். முன்புற அளவு ஒன்றிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்க வேண்டும். இரண்டு டை ராடு இருப்பதால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒன்றை மட்டும் திருகி அளவைக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் பெல் கிராங்க் கோணலாக நின்றுவிடும். அப்போது வண்டி ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறு பக்கம் திரும்பாது. மாமா நெடுநாளாகச் சொல்லி வந்த குறை ஒன்று இதனால் விளங்கியது: வலப்பக்க வளைவுகளில் மட்டும் ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. பெல் கிராங்கை நேராக நிறுத்தி இரண்டு ராடுகளையும் அதற்கேற்ப வைத்தவுடன் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இனி பிரேக் இழுப்பு. இடது பக்கம் இழுத்தால் வலது பிரேக் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. வலது முன் டிரம்மைக் கழற்றியபோது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, ஷூவின் உராய்வுப் பரப்பான லைனிங் நனைந்திருந்தது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இருபுறமும் டேப் வைத்து அளந்தேன். இந்த ஜீப்பில் அது 80 அங்குலம், ஏறத்தாழ 2,030 மில்லிமீட்டர். இடது பக்கம் வலதைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தது. பட்டைக்கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட்டுகளைத் தளர்த்திப் பார்த்தால், இடது முன் பட்டைக் கட்டின் சென்டர் போல்ட் தலை அறுந்து கிடக்கிறது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே இடத்தைப் பிடித்து வைப்பது அந்தச் சின்னத் தலைதான். அது போனபின் யு போல்ட்டின் பிடி மட்டுமே மிச்சம். அதுவும் தளர்ந்திருந்ததால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆக்சிலின் இடது முனை பின்னுக்கு நகர்ந்து, ஆக்சிலே முழுசாக இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. பிரேக்கில் தெரிந்த குறையின் வேர் பட்டையில் இருந்தது. லைனிங் மட்டும் மாற்றியிருந்தால் இழுப்பு குறைந்தாலும் தீர்ந்திருக்காது.

டீசல் எஞ்சினின் கனத்துக்காக முன்பு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளையும் நீளமாக்கியிருந்தார்கள். இந்த ஜீப்பில் முன் ஷாக்கிள் முன்னால் இருக்கிறது. அதை நீட்டினால் கிங் பின்னின் பின்சாய்வு குறையும். சாய்வு குறைந்தால் நேராக ஓடும் குணமும், வளைவிலிருந்து தானாக நேராகும் குணமும் குறையும். கையேட்டில் இந்தச் சாய்வு மூன்று டிகிரி. முதலில் இருந்த அளவு ஷாக்கிளுக்கே திரும்பிவிட்டேன்.

பிரேக் அமைப்பில் நான் அதிகம் நின்று பார்த்த இடம் மாஸ்டர் சிலிண்டர். அது ஓட்டுநரின் காலுக்கு அடியில், சேசிஸ் ஓரமாக இருக்கிறது. தரையில் உள்ள சிறு மூடியைத் திறந்தால்தான் ஆயில் மூடி தெரியும். சேறும் தண்ணீரும் நேராக வந்து விழும் இடம்.

பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் காது கொடுத்துக் கேட்பதுபோல் காலால் கேட்க வேண்டும். பஞ்சு போல அமுங்கினால் ஆயிலில் காற்று. மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் கசிவு, அல்லது உள்ளே ரப்பர் கப் ஆயிலைப் பின்னால் விட்டுவிடுகிறது. முதல் மிதியில் கீழே போய், உடனே மிதித்த இரண்டாம் மிதியில் உயரத்தில் கெட்டியாக நின்றால், அது பெரும்பாலும் காற்றல்ல. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று பொருள். இந்த வண்டியில் ஷூ தானாகச் சரிசெய்துகொள்ளாது. லைனிங் தேயத் தேய நாம்தான் ஷூவைத் தள்ளும் கேமைத் திருப்பி அருகில் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் எத்தனை தடவை காற்று எடுத்தாலும் பெடல் உயராது.

முன்பு யாரோ அதைச் செய்யவில்லை. பெடல் தாழ்ந்திருக்கிறதே என்று, மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியை நீட்டிவிட்டார்கள். அப்போதைக்குப் பெடல் மேலே வந்தது. ஆனால் இந்தச் சிலிண்டரின் உள்ளே, ரப்பர் கப் முழுக்கப் பின்னால் வந்து நிற்கும்போது மட்டும் திறக்கும் ஊசித் துளை ஒன்று இருக்கிறது. இறக்கத்தில் சூடேறி விரியும் பிரேக் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் டேங்குக்குத் திரும்ப முடியும். கம்பி நீண்டதால் கப் எப்போதும் அந்தத் துளையை மூடிக்கொண்டு நின்றது. சூடான ஆயிலுக்குப் போக வழியில்லை, அது ஷூக்களைத் தள்ளியது, ஷூ உரசி இன்னும் சூடு, இன்னும் விரிவு. இறக்கத்தின் முடிவில் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டதன் கதை முழுவதும் இதுதான். தாழ்ந்த பெடலுக்குச் செய்த தவறான வைத்தியம், பூட்டிக்கொள்ளும் பிரேக்காக மாறியிருந்தது. மலை இறக்கத்தில் இது உயிர் வாங்கும் பழுது. லைனிங் சூட்டில் பிடிப்பை இழக்கும், பழைய ஆயில் கொதிக்கும், பெடல் வெறுமையாகப் போகும்.

சோதிப்பது எளிது. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பெடலைக் கையால் மிக மெதுவாக அழுத்த வேண்டும். அழுத்தத் தொடங்கும் முதல் கணத்தில், ஆயிலின் பரப்பில் ஒரு சின்ன ஊற்று எழும்பி அடங்க வேண்டும். அந்தத் துளை வழியாக வரும் ஆயில் அது. எங்கள் வண்டியில் பரப்பு அசையவே இல்லை. கம்பியைக் குறைத்து, பெடலின் மேல்நுனியில் ஏறத்தாழ அரை அங்குலம் சும்மா போகும்படி வைத்தவுடன் ஊற்று தெரிந்தது.

ஆனாலும் வலது முன்சக்கரம் மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சக்கரம் மட்டும் இறுகினால், அது இறுகி நிற்கும்போதே தேட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் பைப்பின் நட்டைத் தளர்த்தினேன்; சக்கரம் விடவில்லை. சக்கரத்தில் காற்று எடுக்கும் திருகைத் தளர்த்தினேன். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுதலையானது. அப்படியானால் அழுத்தம் இரண்டுக்கும் நடுவில் சிறைப்பட்டிருக்கிறது. நடுவில் இருப்பது ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத்தான் இருந்தது. அறுத்துப் பார்த்தபோது உட்குழாய் வீங்கி, ஊசி நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலின் பலத்தால் ஆயில் உள்ளே போகிறது. ஷூ ஸ்பிரிங்கின் பலம் அதைத் திருப்பி அனுப்பப் போதவில்லை. திருகைத் தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால், குறை ஷூ ஸ்பிரிங்கிலோ சிலிண்டர் பிஸ்டனின் துருவிலோ இருக்கிறது என்று பொருள்.

ரப்பர் ஏன் வீங்கியது? டேங்கில் இருந்த ஆயிலைக் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டேன். நல்ல பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்து காணாமல் போகும். இதில் ஒரு படலம் மேலே மிதந்தது. எப்போதோ கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலையோ ஹைட்ராலிக் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். பிரேக் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகவே ஆகாது. ஒரு துளி போதாது என்றாலும் ஒரு மூடி போதும், நாள்போக்கில் அத்தனை கப்புகளும் வீங்கிவிடும். பிரேக் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவும் பட்டறை வழக்கமும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. புது பிரேக் ஆயிலிலோ ஸ்பிரிட்டிலோதான் கழுவ வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், நான்கு சக்கர ரப்பர், எல்லா ஹோஸ்களையும் மாற்றி, பைப்புகளை ஸ்பிரிட்டால் கழுவி, டாட் 3 தரப் பிரேக் ஆயில் ஊற்றினேன். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொல்லிமலை மழையில் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன்.

பின் டிரம்களில் வேறு எண்ணெய். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தது: கியர் ஆயில். சீல் போய்விட்டது என்று சீலை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி கசியும். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ஒரு சிறு மூச்சுத் துளை உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தால், ஓட்டத்தில் சூடாகும் காற்று வெளியே போக முடியாமல் ஆயிலைச் சீல் வழியாகப் பிதுக்கும். ஓடையில் இறங்கும் வண்டிகளில் அடைப்பு சகஜம். துளையைச் சுத்தம் செய்து, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைப் பாடி உயரம் வரை கொண்டுபோய் வளைத்துக் கட்டினேன்.

எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடேறியதும் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி வெளியே வரும். நாமக்கல் லாரித் தொழிலின் ஊர். லைனிங் ரிவெட் அடிக்கவும் டிரம் கடையவும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: கடைந்த டிரம்மின் வளைவுக்கு ஏற்ப லைனிங்கையும் தேய்த்துத் தர வேண்டும். டிரம் பெரிதாகி லைனிங் பழைய வளைவிலேயே இருந்தால் நடுப்பகுதி மட்டும் தொடும். பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. பழைய லைனிங் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதே சரி.

புது லைனிங் போட்டால், ஷூக்களின் கீழ்முனையைத் தாங்கும் ஆங்கர் பின்களையும் திருப்பி வைக்க வேண்டும். வில்லிஸ் அளவுப்படி ஷூவின் கீழ்ப்பகுதியில் 0.13, மேல்பகுதியில் 0.20 மில்லிமீட்டர் இடைவெளி. பிறகு ஒவ்வொரு ஷூவின் கேமையும் தனித்தனியாக, சக்கரம் உரசும் வரை திருப்பி, உரசல் நிற்கும் வரை மட்டும் தளர்த்தினேன். காற்றை மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று எடுத்தேன். முதல் மிதியிலேயே பெடல் உயரத்தில் நின்றது.

பைப் ஒன்று துருப்பிடித்திருந்தது. குளிர்சாதனக் கடையில் கிடைக்கும் செம்புக் குழாயை வளைத்துப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதிர்வில் செம்பு இறுகி, ஒருநாள் சொல்லாமல் பிளக்கும். பிரேக்குக்கான எஃகுக் குழாயே வேண்டும், நுனியை இரட்டை மடிப்பாகத்தான் விரிக்க வேண்டும். இந்த ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்று; எங்கே ஓர் ஓட்டை விழுந்தாலும் நான்கும் போகும்.

முதல் ஓட்டம் சமதரையில், ஆளில்லாத சாலையில். கையைத் தளர்த்திப் பிடித்து நாற்பதிலிருந்து பிரேக் அடித்தால் வண்டி நேர்கோட்டில் நின்றது. சற்று ஓட்டிவிட்டு ஒவ்வொரு டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டேன். நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோல். அதன் பிறகே மலை. இறங்கும்போது வளைவுகளுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட்டால் பிரேக்குக்கு வேலை குறைகிறது. மூட்டை ஏற்றியிருந்தால் லோ கியரையும் பயன்படுத்தும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். ஓடையைக் கடந்ததும், மெதுவாக ஓட்டியபடியே பெடலை லேசாக மிதித்து லைனிங்கைக் காயவைத்துவிட்டுத்தான் இறக்கத்துக்குள் நுழைய வேண்டும்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். பிரித்துப் பூட்டிய பட்டைக்கட்டு அமர்ந்ததில் நான்குமே கொஞ்சம் தளர்ந்திருந்தன. லைனிங்கும் படிந்திருந்ததால் ஷூ கேம்களை இன்னும் சிறிது நெருக்கினேன். அடுத்த வேலை, இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்துவது. பெடல் தரைக்கு அடியில் இருப்பதால் புதிய தாங்கி ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கான அளவுகளை எடுத்து நாமக்கல் கடைசல் பட்டறையில் கொடுத்திருக்கிறேன்.